ஒன்பது வருஷம் எனக்குப் பிடித்திருந்த ஞாயிற்றுக்கிழமை

1

இந்த வருஷமும் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கிடைத்த பொதிக்குள் அதே சொசேஜஸ்தான் இருந்தது. பன்றி இரத்தத்தைச் சோற்றோடு பிசைந்து குடலில் அடைத்தது. கறுப்பாக, என் முழங்கை நீளத்துக்கு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சமையலறைப் பொறுப்பாளராக இருக்கும் மார்த்தா, அதற்குத் தன் கையாலேயே ரிப்பன் கட்டித் தருவாள். "உனக்குப் பிடிக்குமே என்று எங்கள் ஊரிலிருந்து வரவழைத்தேன்" என்பாள். நானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, மிகவும் பிடிக்கும் என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ்வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்பது நத்தாருக்கும் இதே கதைதான்.

முதல் வருஷம் அவள் ஒரு துண்டு வெட்டித் தட்டில் நீட்டியபோது நான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை இது. கண்டியில் யார் வீட்டில் எதை வைத்தாலும், வாயில் போடுவதற்கு முன்பே "நல்லா இருக்குங்க" என்று சொல்லிப் பழகியவன் நான். அங்கே அது மரியாதை. கேட்டவர்களும் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு அத்தோடு மறந்துவிடுவார்கள். இங்கே அதை உண்மை என்று நம்பிவிடுகிறார்கள்.

நான் ஸ்பெயினுக்கு வந்து போன மாதத்தோடு பதினோரு வருஷம் முடிந்தது. பிடிக்கும், பிடிக்காது என்ற இரண்டு வார்த்தைகளைச் சரியாகச் சொல்ல எனக்கு இந்தப் பதினோரு வருஷமும் தேவைப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண்டியில் என் சொந்தக்காரர்கள் இதை வாசித்தால் "வெளிநாடு போனதும் வாய் நீண்டுபோச்சு" என்பார்கள். சொல்லட்டும். நீண்டுதான் போயிருக்கிறது.

2

இங்கே வருவதற்கு முன் பதினான்கு வருஷம் கண்டியில், கொழும்பு வீதி என்ற கடைத்தெருவில், ஒரு சேலைக் கடையில் நின்றேன். வேலை செய்தேன் என்று சொல்வதைவிட நின்றேன் என்பதே சரி. கடையில் இருந்த கதிரைகள் எல்லாம் வாங்க வந்தவர்களுக்கு. பேராதனையிலிருந்து பட்டமளிப்புக்குச் சேலை எடுக்கும் விரிவுரையாளர் அம்மா, அலவத்துகொடையிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கூட்டமாக வரும் முஸ்லிம் ராத்தாமார், தீபாவளிக்குத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் எங்கள் ஆட்கள் என்று எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் நின்றபடி நாற்பது சேலைகளை விரிப்பேன். "புடிச்சிருக்காங்க?" என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சிங்கள நோனாமார் எந்த நிறத்தைத் தொட்டாலும் "ஹரிம லஸ்ஸணாய் நோனா" என்பேன். அவ்வளவு அழகு!

ஒரு தடவை ஒரு அம்மா, "தம்பி, ஒங்களுக்கு இதுல எது புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் உண்மையாகவே ஒன்றைக் காட்டினேன். அது அவர் கையில் இருந்த சேலை இல்லை. அவர் எதையும் எடுக்காமல் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்கு எது புடிக்கும்ங்கிறது அவங்களுக்கு எதுக்குடா? அவங்களுக்குப் புடிச்சது ஒனக்கும் புடிக்கும். அம்புட்டுத்தான் ஒன் வேல."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்களுக்கு இது அவருக்கு முன்பே ஊறிப்போன விஷயம். என் பெரியப்பா குடும்பம் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு, தேயிலைத் தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களைப் பங்குபிரித்த காலத்தில், இங்கேயே இருக்கிறேன் என்றுதான் அவர் மனுப் போட்டார். தள்ளிவிட்டார்கள். பிறகு இந்தியாவுக்குப் போகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர், வயது, தோட்டம், பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் கேட்ட அந்தத் தாள்களில், போகப் பிடித்திருக்கிறதா என்று கேட்க மட்டும் ஒரு வரி இல்லை. கண்டி ஸ்டேஷனில் ரயிலேறும்போது, அழுதுகொண்டு நின்ற என் அப்பாவிடம் அவர் கடைசியாகச் சொன்னது, "பரவால்லப்பா." பிறந்த மண்ணைவிட்டுப் போகிற மனுஷன் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அதே வார்த்தையைத்தான் நானும் பாஸ்போர்ட்டோடு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

3

வந்த புதிதில் கடற்கரையோரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். பகல் வேலை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் நாள் சமையற்காரர் என்னைப் பார்த்துச் சாப்பிடுகிறாயா என்று சைகையில் கேட்டார். நான் நெஞ்சில் கைவைத்து, வேண்டாம், பரவாயில்லை என்று தலையாட்டினேன். நம்மூரில் முதல் தடவை கேட்டவுடன் யாராவது தட்டை எடுப்பார்களா? இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை "அட, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவது.

அவர் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. மறுநாளும் கேட்கவில்லை. இந்த ஆளுக்கு எங்கள் சாப்பாடு பிடிக்காது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு மாதம், அவர்கள் சாப்பிட்டு முடித்த தட்டுகளை வெறும் வயிற்றோடு கழுவினேன். பசியைவிட, கேட்கவில்லையே என்ற ரோஷம்தான் அதிகமாக எரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். நேர்முகத்தில் மார்த்தா ஒரு தாளை வைத்துக்கொண்டு, என்ன வேலை பிடிக்கும், எந்த நாட்கள் பிடிக்கும் என்று கேட்டாள். அப்போது எனக்கு நூறு ஸ்பானிஷ் வார்த்தைகள் தெரிந்தால் அதிகம். ஆனால் கொழும்பு வீதியில் பதினான்கு வருஷம் நின்றவனுக்கு இந்தக் கேள்விக்கா பதில் தெரியாது? "எல்லாம் பிடிக்கும்" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமைகூடவா?"

"ரொம்பப் பிடிக்கும்."

எழுதிக்கொண்டாள். தாளின் மேல் இருந்த பெயரை வாசித்து, "அப்படியானால் வரவேற்கிறேன், பெருமாள்" என்று கைகொடுத்தாள். பெருமாள் என் அப்பா பெயர். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கும். இவர்களுக்கு முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். நான் சிவகுமார் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்று சிரித்தேன். அன்றிலிருந்து அடையாள அட்டையிலும், அலுமாரிக் கதவிலும், சம்பளத் தாளிலும் நான் என் அப்பா.

ஒன்பது வருஷமாகச் செவ்வாயும் புதனும் எனக்கு லீவு. சனியும் ஞாயிறும் வேலை. என் மனைவி சுமதி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அவளுக்கும் மகள் நிவேதாவுக்கும் சனி, ஞாயிறுதான் லீவு. நான் வீட்டில் இருக்கும் நாளில் அவர்கள் இருப்பதில்லை. அவர்கள் இருக்கும் நாளில் நான் இருப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து ராணி அக்காவைக் கூப்பிடுவேன். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். கெலிஓயாவில் இருக்கிறாள், கண்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஊருக்குப் போகிற யாரிடமாவது அவளுக்கு ஒலிவ் எண்ணெய் கொடுத்தனுப்புவேன். "எல்லாம் நல்லம்டா. எண்ணெயும் நல்லா இருக்கு. வைக்கவா?" என்பாள். ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். செவ்வாயில் போயா நாள், பௌர்ணமி லீவு, வந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவாள். மற்றபடி அக்கா என்னை விட்டு விலகிப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். தூரம் போனால் அப்படித்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

4

குடியுரிமைக்கு ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுத வேண்டும். அதற்காக இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். பிலார் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை நடத்துகிறார். ஒரு நாள் விருப்பு வெறுப்புப் பாடம் வந்தது.

ஸ்பானிஷில் "மே குஸ்தா" என்றால் எனக்குப் பிடிக்கும். "தே குஸ்தா" என்றால் உனக்குப் பிடிக்கும். அவருக்கு என்றால் "லே", எங்களுக்கு என்றால் "நோஸ்", அவர்களுக்கு என்றால் "லேஸ்". பிடித்த பொருள் ஒன்றென்றால் குஸ்தா, பலவென்றால் குஸ்தான். வகுப்பில் ஓர் ஆங்கிலேயப் பெரியவர் இருக்கிறார். அவர் ஒரு மணி நேரம் வியர்த்துப் போனார். அவர் மொழியில் நான், நான் என்று எப்போதும் முன்னால் போய் நின்றாக வேண்டும் போல. பொருளை முன்னால் விட்டுவிட்டு "எனக்கு" என்று ஒதுங்கி நிற்க அவருக்கு வரவில்லை. எனக்கா? எனக்கு, உனக்கு, அவளுக்கு என்று பால்குடி காலத்திலிருந்து பேசுகிறேன். மே, தே, லே என்று சேலை விரிப்பதுபோல விரித்துக் காட்டினேன். எங்களைத் தேயிலைக்குக் கூட்டிவந்தவர்களின் பேரனை ஒரு பாடத்தில் தோற்கடித்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பிலார் கெட்டிக்காரர். "நீ எல்லாரிடமும் அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அழகாகக் கேட்கிறாய். உன்னைப் பற்றி இதுவரை ஒரு வாக்கியமும் சொல்லவில்லையே?" என்றார். எனக்குப் பிடிக்காத பத்து விஷயங்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அதே வாரம் வேலையில் இன்னொன்று நடந்தது. எக்குவடோரிலிருந்து வந்த நெல்சன் என்ற புதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை வேலை தனக்கு வேண்டும் என்று மார்த்தாவிடம் கேட்டிருக்கிறான். அவள் மறுத்துவிட்டாள். அதை என்னிடம் பெருமையாக வந்து சொன்னாள்.

"கவலைப்படாதே பெருமாள். உன் ஞாயிற்றுக்கிழமையை யாரும் தொட முடியாது. முன்னரும் மூன்று பேர் கேட்டார்கள். அது அவருக்குப் பிடித்த நாள் என்று சொல்லிவிட்டேன்."

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பெண் ஒன்பது வருஷமாக என் சிறைக்கு எனக்காகக் காவல் நின்றிருக்கிறாள். அதுவும் அன்பினால்! நன்றி என்று சொன்னேன். அதுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து, பிலார் கேட்ட பட்டியலை எழுதக் கொப்பியை விரித்தேன். குளிர் பிடிக்காது. பல்வைத்தியர் பிடிக்காது. அதற்கு மேல் ஓடவில்லை. நிவேதா எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆறு வயதில் கண்டியிலிருந்து வந்தவளுக்கு இப்போது பதினேழு. நான் தமிழில் பேசுவேன், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள். நோ மே குஸ்தா, எனக்குப் பிடிக்காது, என்பதை அவள் மூச்சு விடுவதுபோல ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள். இடியாப்பம் நோ மே குஸ்தா. பவுடர் பூசினால் நோ மே குஸ்தா. செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் விருந்தாளிதான். அதுவரை இருந்தது இருபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள், எண்ணி வைத்திருந்தேன்.

"மூணாவது என்ன?" என்று கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம வேல," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தமிழில் பேசினாள். "அது ஒங்களுக்குப் புடிக்கும்னுதானே நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சின்னதுல நான் அழுவேன், போகாதீங்கன்னு. நீங்க பரவால்ல பரவால்லன்னு சிரிச்சுக்கிட்டே போவீங்க. எங்ககூட இருக்கிறத விட அங்க போறதுதான் அப்பாவுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் கேக்கிறத விட்டுட்டேன்."

சுமதி அடுப்படியில் திரும்பாமல் நின்றாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பெரியப்பா ரயிலில் ஏறியபோது சொன்ன வார்த்தையை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

5

மறுநாள் மார்த்தாவின் அறைக் கதவைத் தட்டினேன். முந்தின இரவு முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியம். ஸ்பானிஷில் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் "எனக்கு" என்பதை இரண்டு தடவை சொல்லலாம்: "அ மீ, நோ மே குஸ்தா." வாழ்க்கையில் ஒரு தடவைகூட அதைச் சொல்லாதவனுக்கு இரண்டாகவே கிடைத்தது.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யப் பிடிக்காது," என்றேன். "எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை."

மார்த்தாவின் முகம் சிவந்துவிட்டது. "எப்போதுமே என்றால்? ஒன்பது வருஷமாகவா?"

"ஒன்பது வருஷமாக."

"பிடிக்கும் என்று நீதானே சொன்னாய்? நான் எழுதியே வைத்திருக்கிறேன்!"

"சொன்னேன். எங்கள் ஊரில் வேலை கேட்கப் போகிறவன் அப்படித்தான் சொல்வான். கேட்கிறவருக்கும் அது தெரியும். உனக்குத் தெரியாது, அது உன் பிழை இல்லை. ஆனால் இனிமேல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும். நெல்சன் கேட்கிறான். அவனுக்குக் கொடு."

நான் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம். வாக்கியத்தின் முடிவில் சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு. அது மறுபடியும் பரவாயில்லை ஆகிவிடும். இரண்டு கன்னங்களையும் உள்ளுக்குள் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குக் கோபமா, கவலையா என்று தெரியவில்லை. பிறகு கணினியில் அட்டவணையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் இருந்த பெயரை ஒவ்வொன்றாக அழித்தாள். "வேறு ஏதாவது இருக்கிறதா, பெருமாள்? இருந்தால் இப்போதே சொல்லிவிடு."

"என் பெயர் சிவகுமார். பெருமாள் என் அப்பா."

தலையில் கைவைத்துக்கொண்டாள். "கடவுளே! இன்னும்?"

சொசேஜஸ் நினைவுக்கு வந்தது. அவள் உட்கார்ந்து ரிப்பன் கட்டுவதும் நினைவுக்கு வந்தது. இல்லை, அவ்வளவுதான் என்றேன். அடுத்த நத்தாருக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

6

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேங்காய் துருவி ரொட்டி போட்டு, சம்பல் இடித்து, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், மகள் எழும்பவே இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மணி பத்து. கெலிஓயாவில் பகல் சாப்பாடு முடிந்திருக்கும். அக்காவைக் கூப்பிட்டேன்.

எடுத்ததும் பதறினாள். "என்னாடா, ஞாயித்துக்கிழமயில கூப்புடுற? வேல போயிருச்சா?"

"போகலக்கா. ஞாயித்துக்கிழம வேல செய்ய எனக்குப் புடிக்கலன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"பெரிய ஆளுகிட்டத்தான்."

"அப்புடிச் சொல்லலாமாடா?"

"சொல்லலாம்க்கா. சொன்னேன். ஒண்ணும் ஆகல."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஓட்டோ இரைந்துகொண்டு போனது.

"தம்பி," என்றாள் அக்கா. "நீ அனுப்புறியே, அந்த எண்ணெய். எனக்கு அது புடிக்கவே இல்லடா."

"எந்த எண்ணெய்? ஒலிவ் எண்ணெயா?"

"ஒரு மாதிரி பச்ச வாசமா இருக்கு. ஒரு நாள் கறிக்கு ஊத்தினேன், கறி கெட்டுப்போச்சு. பக்கத்து வீட்டு பரீனா ராத்தாவுக்குத்தான் குடுக்கிறேன். அவங்க முழங்காலுக்குப் பூசுறாங்க."

ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. போத்தல் உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் என் பழைய சட்டையில் சுற்றி அனுப்பியவன் நான். பிறகு சிரிப்பு வந்தது. கெலிஓயாவில் ஒரு ராத்தாவின் முழங்கால், இங்கே கீழ்வீட்டுக் கிழவரின் சொசேஜஸ்!

"சரிக்கா. அப்போ ஒனக்கு என்ன வேணும்? புடிச்சதச் சொல்லு."

"எனக்கென்னடா, ஒண்ணும் வேணாம்."

நான் ஸ்பெயின்காரன் இல்லை. இரண்டாம் தடவை கேட்டேன்.

"அட வேணாம்டா. நீ நல்லா இருந்தாப் போதும்."

மூன்றாம் தடவை கேட்டேன். "அக்கா, ஒனக்கு என்ன வேணும்?"

இந்தத் தடவை அவள் குரல் மாறியிருந்தது.

"செவ்வாக்கிழமயில கூப்புடாதடா. அப்ப நான் ஆபீஸ்ல. முன்னுக்கு ஆளுங்க வரிசையா நிப்பாங்க, பக்கத்து மேசயில காது குடுத்துக்கிட்டிருப்பாங்க. என்னாத்தப் பேசுறது? எல்லாம் நல்லம்னு சொல்லிட்டு வச்சிருவேன். போயாவுக்கு லீவுன்னாத்தான் வாயத் தொறந்து பேசுறேன். வச்ச பொறகு எத்தன நாள் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன் தெரியுமா? ஒங்கிட்டச் சொல்ல எவ்வளவோ இருக்குடா தம்பி. ஞாயித்துக்கிழமயில கூப்புடு."

விலகிப்போய்விட்டாள் என்று நான் நினைத்த அக்கா, என்னுடைய லீவு நாளுக்காக ஒன்பது வருஷம் பேச்சை விழுங்கியிருக்கிறாள். அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே.

"சொல்லுக்கா. இப்பவே சொல்லு," என்றேன்.

சொன்னாள். அலுவலகத்தில் பிடிக்காதவர்களை முதலில் சொன்னாள். மாமி வீட்டு விசேஷத்துக்குப் போகப் பிடிக்காததைச் சொன்னாள். முட்டி வலியை, மழைக்கு ஒழுகும் கூரையை, அப்பாவைக் கனவில் கண்டதை. நான் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. நிவேதா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். யார் என்று வாயசைத்தாள். அத்தை என்றேன். போனைச் சத்தமாகப் போடச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். சம்பலில் உப்புக் கூட என்று முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அக்காவுக்குத் திடீரென்று பழைய பழக்கம் வந்துவிட்டது.

"பரவால்லடா, ஒனக்கு வேல கெடக்கும். நான் வைக்கிறேன்."

"எனக்கு வேல இல்லக்கா," என்றேன். "இன்னைக்கு ஞாயித்துக்கிழம."